நேசத்தைக் கடித்த வரையன்

கொட்டாஞ்சேனைச் சாப்பாட்டுக் கடைகளில் நேசத்தின் இடியப்பம் போகாத கடை குறைவு. துறைமுகத்தில் வேலை செய்த கணவர் றேமண்ட் ஆறு வருடங்களுக்கு முன் இறந்த பிறகு, தனியாளாக இந்தத் தொழிலைத் தொடங்கினார். காலை ஏழு மணிக்குள் முந்நூறு இடியப்பம் அவித்து முடித்துவிடுவார். கை வேகம். வாய் அதைவிட வேகம். அதை அவரே ஒத்துக்கொள்வார்.

அந்த வாயால்தான் அவர் தன் ஒரே தங்கையை இழந்தார். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த தங்கை பிறிஜெற், கிருலப்பனையைச் சேர்ந்த ராகுலன் என்ற சைவப் பிள்ளையை வீட்டுக்குச் சொல்லாமல் மணந்துகொண்டாள். நாலு மாதத்தில் அம்மா மாரடைப்பில் போய்விட்டார். செத்தவீட்டில், ஊர் முழுக்கக் கேட்க, "உன்னாலதான் அம்மா செத்தவ" என்று நேசம் கத்திவிட்டார். சவப்பெட்டியைத் தூக்குமுன்னரே பிறிஜெற் எழும்பிப் போய்விட்டாள். அதன் பிறகு பதினொரு வருடம் பேச்சில்லை. றேமண்ட் இறந்ததைக்கூட நேசம் அவளுக்கு அறிவிக்கவில்லை. ஒரு சொந்தக்காரர் கொடுத்த தங்கையின் நம்பர் மட்டும் போனில் கிடந்தது. ஒருநாளும் அதை அமத்தி அழைத்ததில்லை.

போன ஆடி மாதம் ஒரு மத்தியானம், குசினி மூலையில் காய்ந்த இடியப்பத் தட்டுகளை எடுக்கக் கை நீட்டினார். விரலில் சுருக்கென்றது. தட்டுகளுக்கு நடுவிலிருந்து, கருமண்ணிற உடம்பில் வெள்ளை வளையம் போட்ட மெல்லிய பாம்பு ஒன்று வழுகி இறங்கியது.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு மெல்ரோய் தும்புத்தடியோடு ஓடிவந்தான். "ஐயோ, கரவலா! கரவலா!" என்று கத்தினான். கட்டுவிரியனுக்குச் சிங்களத்தில் அந்தப் பெயர். அது கடித்தால் என்ன ஆகும் என்று ஒழுங்கையில் குடியிருக்கும் எல்லோருக்கும் தெரியும்.

ஒழுங்கை முனையில் த்ரீவீல் ஓட்டும் ஹாஷிம் உள்ளே வந்து, தடியைப் பிடித்துக்கொண்டார்.

"அடிக்க வாணாம் மெல்ரோய். வாளியால மூடி வையுங்க. நான் போட்டோ எடுத்திட்டன். அக்கா, கையில ஒண்டும் கட்ட வாணாம், அசைக்கவும் வாணாம். வாங்க."

பெரியாஸ்பத்திரிக்குப் போகும் வழியில், ஆமர் வீதிச் சந்தியில் வாகனங்கள் அசையவில்லை. ஹாஷிம் ஹோனை அடித்துக்கொண்டேயிருந்தார். இனித் தனக்கு மிஞ்சிப்போனால் ஒரு மணித்தியாலம் என்று நேசம் நினைத்தார். மடியிலிருந்த போனை இடக்கையால் எடுத்தார்.

"பிறிஜெற், நான் நேசம். என்னைப் பாம்பு கடிச்சிட்டுது. ஆஸ்பத்திரிக்குப் போறன்."

ஹோன் சத்தத்துக்கு மேலால் குரலை உயர்த்தினார்.

"அம்மாட செத்தவீட்டில நான் சொன்னது பொய். உன்னால அம்மா சாகேல்ல. அதைச் சொல்லாமப் போகக்கூடாது எண்டுதான் எடுத்தனான்."

பிறிஜெற் கேட்டாள்:

"எந்த ஆஸ்பத்திரி?"

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் டொக்டர் ஷிம்னா, ஹாஷிமின் போனிலிருந்த படத்தை விரலால் பெருப்பித்துப் பார்த்தார். காயத்தையும் பார்த்தார். அவர் முகம் இலேசாயிற்று.

"அம்மா, இது கட்டுவிரியன் இல்ல. வெள்ளிக்கோல் வரையன். பாருங்க, வளையம் கழுத்துப் பக்கம் தெளிவா இருக்கு, வாலுக்குப் போகப் போக மங்குது. பல்லி பிடிக்கத்தான் வீட்டுக்குள்ள வரும். இதுக்கு விஷமில்ல. ஆனாலும் நாளைக்கு வரைக்கும் உங்களை வச்சுப் பார்க்கத்தான் வேணும்."

நேசம் சிரிக்கத் தொடங்கி அழுதுவிட்டார். அடுத்த நிமிடம் ஹாஷிமைக் கூப்பிட்டார்.

"மெல்ரோயிட்டச் சொல்லுங்க, அந்த உயிருக்கு ஒண்டும் செய்யவேண்டாம் எண்டு. எங்கயாவது பத்தைக்குள்ள விடச் சொல்லுங்க."

மெல்ரோய் அதை வாளியோடு முகத்துவாரப் பக்கம் கொண்டுபோய், ஆற்றோரச் செடிப் பற்றைக்குள் விட்டதாகப் பிறகு சொன்னான்.

பிறிஜெற் வந்தபோது நெற்றியில் திருநீறும் கையில் பிளாஸ்குமாக நின்றாள். "வாற வழியில கோயில்ல இறங்கித் தேங்காய் உடைச்சனான்" என்று மட்டும் சொல்லிவிட்டு, தேத்தண்ணியை ஊற்றி அக்காவின் கையில் கொடுத்தாள்.

மறுநாள் நேசம் வீட்டுக்குப் போகவில்லை; தங்கை விடவில்லை. கிருலப்பனையில் நாலு நாள் இருந்தார். கொட்டாஞ்சேனைக் கடைகள் இடியப்பமில்லாமல் முணுமுணுத்தன. "முணுமுணுக்கட்டும்" என்றார் நேசம். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் நன்றி சொல்லும்போது இப்போதும் ஹாஷிமின் பெயரையும் டொக்டர் ஷிம்னாவின் பெயரையும் சொல்கிறார். கடைசியாகப் பாம்பையும் சேர்த்துக்கொள்வார். ஆண்டவர் அதைத் தப்பாக எடுக்கமாட்டார் என்பது அவர் நம்பிக்கை.

கிருலப்பனையில் முதல்நாள், கதவடியில் ஒன்பது வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி நின்றாள். நேசம் அதுவரை கண்டிராத பெறாமகள், பிறிஜெற்றின் பிள்ளை. வெட்கப்பட்டுக்கொண்டே கிட்ட வந்து, விரலைத் தொட்டுப் பார்த்தாள்.

"பெரியம்மா, இன்னும் நோகுதா?"

"இல்லையம்மா," என்றார் நேசம்.