அந்தக் காப்பி என்னுடையது, புஷ்பாக்கா

புஷ்பாக்கா இறந்துவிட்டார். நேற்றுக் காலை, தானா ராத்தா மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே... நெஞ்சுவலி.

நேற்றிலிருந்து எல்லாரும் அவர் படத்தைப் போடுகிறீர்கள். கையில் பிரெஞ்ச் பிரஸ், அந்த அமுக்கிக் காப்பி இறக்கும் கண்ணாடிக் குடுவை; முகத்தில் சிரிப்பு. “தேயிலை மலையில் இப்படி ஒரு காப்பியா” என்று எழுதுகிறீர்கள்.

நானும் லைக் போட்டேன். பிறகு எடுத்துவிட்டேன்.

தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், எங்களுக்கு அடுத்த வீடு அக்கா. நாங்கள் இருவரும் டூரிஸ்டுகள் தங்கும் ஒரே ஹோம்ஸ்டேயில், பின்கட்டில் தட்டு கழுவினோம். பதினைந்து வயதில், படிவம் மூன்றோடு பள்ளியை நிறுத்தியதிலிருந்து எனக்கு அதுதான் வேலை.

அந்த பிரஸ் ஒரு வெள்ளைக்காரர் அறையில் விட்டுப்போனது. கூடவே அரைப் பை காப்பிக்கொட்டை. தூக்கிப் போடச் சொன்னார்கள், நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

கொட்டையை வீணாக்கப் பயந்து, முதல் நாள் கடைத் தூளைப் போட்டேன். துணியில் வடிகட்டுவோமே, மாவு மாதிரி, அந்தத் தூள். வடிகட்டி அடைத்துக்கொண்டது. முழுப் பலத்தோடு அமுக்கினேன்... சுவரெல்லாம் காப்பி.

சத்தம் கேட்டு அக்கா ஓடிவந்தார். “என்னடி, தீபாவளிக்கு இப்பவே பெயிண்ட் அடிக்கிறியா?”

அடுத்த நாள் கொட்டையை உரலில் ரவையைவிடப் பெரிதாக இடித்தேன். வெந்நீரைக் கொதி அடங்கவிட்டு ஊற்றி, நான்கு நிமிடம் பொறுத்து, மெதுவாக அமுக்கினேன். முதல் கப் நன்றாக இருந்தது. இரண்டாவது கசந்தது.

ஒரு வாரம் கழித்துத்தான் புரிந்தது. மிச்சத்தைத் தூளோடு அப்படியே விட்டிருக்கிறேன். தேயிலை ஊறினால் கடுக்கும் என்று பிறந்ததிலிருந்து தெரிந்த எனக்கே அது தோன்றவில்லை. அமுக்கியவுடன் எல்லாவற்றையும் பிளாஸ்கில் ஊற்றிவிட்டேன். கசப்பு போய்விட்டது.

அக்கா இரண்டு கப் குடித்தார். “யார்கிட்டயும் சொல்லாதடி. மேனேஜர்கிட்ட நானே பேசுறேன். உன்னய முன்னால காப்பி கவுண்டர்ல நிக்க வைக்கிறேன்லா.”

மேனேஜரைப் பார்த்தால் எனக்குப் பேச வாய் வராது. அதனால் நம்பினேன். பிரஸ்ஸையும் கொடுத்தனுப்பினேன்.

தட்டு கழுவும் இடத்துக்கும் கவுண்டருக்கும் நடுவில் பலகைச் சுவர்தான். எல்லாம் கேட்டது.

“நானே வீட்ல போட்டுப் பாத்துக் கண்டுபிடிச்சது சார்.”

“நல்லாருக்கே. உங்ககூட கழுவுற அந்தப் பொண்ணையும் கூட வச்சுக்கறீங்களா?”

“அவளா? டூரிஸ்ட் ஹலோ சொன்னா அழுதுருவா சார். பின்னாலயே இருக்கட்டும்.”

மேனேஜர் சிரித்தார். அக்காவும் சிரித்தார்.

மாலையில் வீட்டுக்குத் திரும்பும் வேனில் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “கோவமா? குனிஞ்சு கழுவி இடுப்பு போச்சுடி. உனக்கு இன்னும் நாள் கெடக்கு.”

“இல்லக்கா” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்... அதற்குப் பிறகும் எதுவும் சொல்லவில்லை.

நேற்று, எடுக்கும்வரை அக்கா வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்பதால், வந்தவர்களுக்கு எங்கள் வீட்டில்தான் காப்பி. அக்காவின் கணவர் மணி மாமா பிரஸ்ஸைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

“அவ போடுற மாதிரியே போடும்மா. உனக்குச் சொல்லிக் குடுத்திருப்பாள்ல?”

அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது... “ஆமா மாமா” என்றேன்.

ஆறு தடவை போட்டேன். “அப்படியே புஷ்பா கை” என்றார் ஒரு அம்மா. வாசலில் நின்றவர்கள் தலையாட்டினார்கள்.

மாமா, இதை நீங்கள் படித்தால் மன்னித்துவிடுங்கள். நேற்று நான் சொன்னது பொய்.

அக்கா, எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. கோபம்தான் இருக்கிறது.

போய்ட்டு வாங்கக்கா.