குஞ்சியப்பு தோற்ற நாள்

ஐயாவின் தம்பியை நாங்கள் குஞ்சியப்பு என்று கூப்பிடுவோம். பினாங்குக்குக் கிளார்க்கு வேலைக்குப் போனவர், அங்கே படம் பிடிக்கும் ஒரு யப்பான்காரரிடம் யுயுற்சு என்ற மல்வித்தையைப் பழகி, துறைமுகத்துத் தடியன்களை எல்லாம் மண் கவ்வ வைத்து, பதக்கங்களோடு எங்கள் ஊர் நீர்வேலிக்குத் திரும்பினார். வேலை என்ன ஆனது என்று ஒருவரும் கேட்கவில்லை. பதக்கங்களை ஐயா வருவோர் போவோருக்கெல்லாம் காட்டினார். எனக்கும் பெருமை பிடிபடவில்லை.

எங்கள் புகையிலைக் குடிலில் வைக்கோல் பரப்பி, மேலே சாக்கு விரித்து, ஊர் இளைஞருக்குக் காசு வாங்காமல் பழக்கினார். அந்த மல்லில் குத்தும் இல்லை, உதையும் இல்லை. கட்டிப் பிடித்து உருள்வதுதான். பிடி இறுகினால் நிலத்தில் தட்ட வேண்டும், தட்டினவர் தோற்றவர்.

ஒருநாள் கள்ளுச் சீவுபவரின் மகனும் பழக வந்தார். அவர்கள் எங்கள் படலைக்கு வெளியே நின்றுதான் கதைப்பார்கள், தொட்டால் தீட்டு. இளைஞர்கள் சுவரோடு ஒதுங்கினார்கள். "உவனோடை உருள எங்களாலை ஏலாது." செய்தி கேட்டு ஐயாவும் ஊராரும் வந்துவிட்டார்கள். குஞ்சியப்பு தாமே சாக்கில் இறங்கினார்.

"நயினார், எனக்குக் கை வருகுதில்லை" என்றார் பழக வந்தவர்.

"நயினார் கியினார் எல்லாம் வேண்டாம். கழுத்தைப் பிடி. இறுக்கிப் பிடி."

பிடித்தார். இருவரும் உருண்டார்கள். பினாங்கில் ஒருவருக்கும் தட்டாத குஞ்சியப்பு, ஊர் பார்த்திருக்க நிலத்தில் தட்டினார். எழுந்து, வேர்வையோடு அவரைக் கட்டிக்கொண்டார். எனக்கு வெட்கத்தில் அழுகை வந்தது.

பின்னேரம் வீட்டுக் கிணற்றடிக்குக் குளிக்க வந்த குஞ்சியப்புவை ஐயா மறித்தார்.

"இனி இந்தக் கிணத்திலை நீ அள்ளக்கூடாது."

"ஓம் அண்ணை."

அவ்வளவுதான். குஞ்சியப்பு குடிலிலேயே தங்கிவிட்டார். வந்த எல்லோருக்கும் பழக்கினார். வந்தவர்கள் பெரும்பாலும் கள்ளுச் சீவுவோர் பக்கத்துப் பிள்ளைகள். தண்ணீர் அவர்கள் வீட்டிலிருந்து வந்தது. பதக்கங்களை ஐயா பெட்டிக்குள் போட்டுப் பூட்டினார்.

அம்மா ஒளித்துக் கட்டித் தந்த சோற்றை நான்தான் கொண்டுபோவேன். ஒருமுறை மனம் பொறுக்காமல் சொன்னேன்:

"குஞ்சியப்பு, அடுத்தமுறை எப்பிடியும் வெல்லுங்கோ. வெண்டால் ஐயா கிணத்திலை அள்ள விடுவார்."

பிசைந்த கை அப்படியே நின்றது. "ஓம் பிள்ளை, வெல்லத்தான் வேணும்" என்றார்.

அவர் வெல்ல வேண்டும் என்று வெள்ளிக்கிழமைகளில் பிள்ளையார் கோயிலுக்குள் நின்று உருகி வேண்டினேன். அவரை வென்றவர் அந்தக் கோயில் வாசலைத் தாண்ட முடியாது என்பது எனக்கு அப்போது தெரியாது.