கட்டைவிரல் இல்லாத கை

தணிகாசலத்தின் வலது உள்ளங்கையை நானே மோந்து பார்த்தேன். அப்புறம் மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆகவே இதைக் கட்டுக்கதை என்று யாரும் சொல்ல வேண்டாம். சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் தட்டைத் தள்ளி வைத்துவிடுங்கள்.

தணிகாசலம் மூடிப்போன பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். அவர் வாந்தி எடுக்காத சாராயக்கடை புதுச்சேரியில் கிடையாது. போன ஐப்பசியில் மனைவி ஆதிலட்சுமி பையைத் தூக்கிக்கொண்டு காலாப்பட்டுத் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள்.

"குடிய வுடறவங்களுக்கு மீட்டிங் நடக்குதாம். ஒரே ஒரு மீட்டிங் முழுசா உக்காந்து முடி. நான் வரேன். பாதில எந்திரிச்சா என் மூஞ்சில முழிக்காத."

மீட்டிங் நடத்தும் சுப்ரமணிக்குத் தணிகாசலம் போன் போட்டார்.

"முத்தியால்பேட்டையில பள்ளிக்கூடத்து மாடி" என்றார் சுப்ரமணி.

"எந்தக் கடைக்குப் பக்கத்துல?"

சுப்ரமணியும் பழைய குடிகாரர்தானே. சிரித்தார். "மூடிக் கெடக்குதே பழைய சாராயக்கடை, அதுக்கு அடுத்த சந்து."

அங்கேதான் வினை. ஊரையே கடைகளை வைத்து அறிந்த ஆள். அடுத்த சந்துக்குப் போகவேண்டிய கால், பழைய பழக்கத்தில் கடைக்கே போய் நின்றது.

மாலை ஆறரை. கொட்டும் மழை. கரண்ட் இல்லை. கடைக் கதவு ஓர் ஆள் நுழையும் அளவுக்குத் திறந்திருந்தது. உள்ளே மெழுகுவத்தி. வட்டமாக நாற்காலிகள். ஒரே ஓர் ஆள்.

"வாங்க. ஒருத்தராவது வந்தீங்களே."

நாற்றம் அப்போதே அடித்தது. பெரிய மார்க்கெட்டில் மீன் கழுவும் சாக்கடை பத்து நாள் அடைத்து, அதில் ஒரு பன்றி செத்து, அதன்மேல் யாரோ சாராயத்தையும் ஊற்றினால் எப்படி இருக்கும்? அதைவிட மோசம். வேறு நாளாக இருந்தால் தணிகாசலம் அப்படியே திரும்பிப் போயிருப்பார். ஆனால் முழுசாக உட்கார்ந்தால்தானே ஆதிலட்சுமி. வேட்டி நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார்.

அந்த ஆள் டீ கொடுத்தார். மேலே ஆடை படிந்திருந்தது. பச்சை ஆடை. அதில் பூஞ்சை மயிர் மயிராக நின்றது. தணிகாசலம் கிளாஸைக் கீழே வைத்தார். தரை காலில் பிசுபிசுவென்று ஒட்டியது.

போனில் சுப்ரமணி சொல்லிக்கொடுத்தபடியே ஆரம்பித்தார். "என் பேரு தணிகாசலம். நான் ஒரு குடிநோயாளி."

"நல்லது. நான் வுட்டு ரொம்ப வருஷம் ஆவுது."

சொல்லும்போது அந்த ஆளின் உதட்டோரத்திலிருந்து சட்டையில் ஒரு சோற்றுப் பருக்கை விழுந்தது.

பருக்கை நெளிந்தது.

"வேற... யாரும் வரலீங்களா?"

"மழை."

டொப்... டொப்... கூரை ஒழுகுகிறது என்று அண்ணாந்து பார்த்தார். ஒழுகவில்லை. சத்தம் அந்த ஆளின் நாற்காலிக்கு அடியிலிருந்து வந்தது.

"முடிச்சிடலாமா?" என்றார் அந்த ஆள்.

கடைசியில் கைகோத்து ஒரு வேண்டுதல் சொல்வார்கள். அதைச் சொன்னால்தான் மீட்டிங் முடிந்த கணக்கு. தணிகாசலம் துள்ளி எழுந்து கையை நீட்டினார். அந்த ஆள் எழவில்லை. உட்கார்ந்தபடியே கை கொடுத்தார்.

கட்டைவிரல் இல்லை.

குளிர்ச்சி.

வேண்டுதல் பாதி வந்தது. பிடி இறுகியது...

தோல் மட்டும் நகர்ந்தது.

உறை மாதிரி...

கழன்று...

தணிகாசலம் ஓடினார்.

ஓடியது வேறெங்கே, பிராந்திக் கடைக்குத்தான். கிளாஸ் வாய்க்குப் போனது. கையிலிருந்து அந்த நாற்றம் ஏறியது. மேசை முழுக்க வாந்தி. சோப்பு, ஃபினாயில், புளி, சாம்பல் எல்லாம் போட்டுத் தேய்த்தார். போகவில்லை.

மறுநாள் காலை சுப்ரமணி வீடு தேடி வந்தார். "ஏங்க, நேத்து வரவேயில்ல?"

தணிகாசலம் நடந்ததைச் சொன்னார். கட்டைவிரல் என்றதும் சுப்ரமணி கையிலிருந்த காபியைக் கீழே வைத்துவிட்டார்.

"ஆதிமூலம் அண்ணன். தறியில போன வெரலு. அந்தக் கடை மூடுனப்ப அதுக்குள்ளியே மீட்டிங்க ஆரம்பிச்சவரு. ஒரு பெருமழையில யாருமே போவல. இன்னொரு கை இல்லாம மீட்டிங்க முடிக்கக் கூடாதும்பாரு. ஆளுக்காவக் காத்துட்டே இருந்திருக்காரு. மாரடைப்பு."

"அப்புறம்?"

"வெள்ளம் வடிஞ்சுதான் போயிப் பாத்தோம். ஊறி நாற்காலியோட ஒட்டிப் போயிருந்தாரு. நாற்காலியோடவே தூக்கினோம்."

சுப்ரமணி போன சற்று நேரத்தில் வாசலில் ஆதிலட்சுமி. கையில் பை.

"இன்னாயா, முழுசா உக்காந்தியா?"

"உக்காந்தேன்."

"பொய் சொல்லாத. மீட்டிங்குலருந்து நேத்து ஒருத்தரு போன் பண்ணாரு. தண்ணிக்குள்ளருந்து பேசுற மாதிரி கொரலு. 'பாதில எந்திரிச்சிப் போயிட்டாரும்மா. கொஞ்சந்தான் பாக்கி. நான் உக்காந்தேதான் இருக்கேன், அனுப்பி வைங்க'ன்னாரு."

அவள் படியேறவில்லை. பையைக் கீழே வைக்கவும் இல்லை.

"போ. போயி முடிச்சிட்டு வா."