மாமி கேட்ட பழசு

என் மனைவியின் தங்கையைக் கட்டியவன் மேல் எனக்குப் பொறாமை வந்தது முதன்முதலில் ஒரு நண்டுக் காலினால். அதுவரைக்கும் மாமி வீட்டில் நண்டு சமைத்தால் பெரிய கால் இரண்டும் ஒரு பீங்கானில் மூடி எங்கள் வீட்டுக்கு வரும். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு மதில், மதிலில் ஒரு சின்னக் கேற். அந்தக் கேற் வழியாக மூத்த மருமகனுக்கு நண்டுக் கால் வருவது எழுதாத சட்டம். இவன் வந்த பிறகும் பீங்கான் வந்தது. நண்டும் இருந்தது. கால்கள்தான் இல்லை.

"புது மாப்பிள்ளைக்கு உம்மா வெச்சிருப்பா. இதுக்குப் போய் மூஞ்ச நீட்டுறீங்களே," என்றாள் மனைவி.

நான் மூஞ்சியை நீட்டவில்லை. கொஞ்ச நாளாக நண்டு எனக்கு ஒத்துவருவதில்லை என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனேன்.

கல்முனையில் கல்யாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். நான் பாலமுனையிலிருந்து வந்து, மூத்த மகளுக்கென்று கட்டிய வீட்டில் குடியேறியவன். தாய் இருக்கிற வீடு இளைய மகளுக்கு. ஆகவே என் சகலன், நிந்தவூர்க்காரன், மாமி இருக்கிற வீட்டுக்கே மருமகனாக வந்து சேர்ந்தான். வழக்கம் அப்படி, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் காலையில் மாமி ஊற்றுகிற முதல் தேத்தண்ணியைக் குடிக்கிறவனும், மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று மணத்தை மட்டும் பிடிக்கிறவனும் ஒன்றாகிவிட முடியுமா?

அதோடு அவன் கம்பியூட்டர் படித்தவன். கொழும்புக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை. நான் நீர்ப்பாசனக் கந்தோரில் எழுதுவினைஞன். கம்பியூட்டர் எனக்குக் கந்தோரில் விழுந்தெழும்பிப் பழகியது. ஆனால் அவன் வரும்வரை இரண்டு வீட்டுக்கும் இன்ஜினியர் நான்தான். மாமி வீட்டு ஹோலில் பூப்போட்ட துணி மூடி இருந்த கம்பியூட்டரை வாங்கிப் பூட்டியது நான். அதன் உள்ளே விண்டோஸ் செவனைப் போட்டது நான். அது ஓடாவிட்டால் "மருமகன்!" என்று மதிலுக்கு மேலால் குரல் வரும். அந்தக் குரலுக்காக அது அடிக்கடி ஓடாமல் போனாலும் பரவாயில்லை என்று நினைத்திருக்கிறேன்.

அந்தக் கம்பியூட்டரில் எனக்கும் மாமிக்கும் மட்டும் தெரிந்த ஒரு விசயம் இருந்தது.

மாமா மௌத்தான பிறகு மாமி இத்தா இருந்தார். கணவன் இறந்தால் மனைவி நாலு மாதம் பத்து நாள் வீட்டைவிட்டு வெளியே போகக்கூடாது, அந்நிய ஆண்கள் முன்னால் வரக்கூடாது. மகளின் கணவன் என்பதால் நான் போய் வரலாம். ஆனால் போய் என்ன? நான் உள்ளே வந்தால் முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டு, "இருங்க மருமகன்," என்று சொல்லிக் குசினிக்குள் போய்விடுவார். ஓதுவார், அழுவார், மறுபடி ஓதுவார். சாப்பாடு இறங்கவில்லை. இளையவள் அப்போது பல்கலைக்கழக விடுதியில் இருந்தாள். என் மனைவி கைக்குழந்தையோடு இரண்டு வீட்டுக்கும் நடந்து களைத்துப் போனாள்.

ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு, மாமாவின் பழைய படங்களை எல்லாம் கம்பியூட்டரில் ஏற்றி மாமிக்குக் காட்டினேன். பார்த்தார், அழுதார், கண்ணைத் துடைத்தார். பிறகு திரையைப் பார்த்து, "அதென்ன, காட்ஸ் மாதிரி ஒரு படம்?" என்று கேட்டார்.

திறந்து காட்டினேன். சீட்டு அடுக்குகிற விளையாட்டு. "தௌபா! காட்ஸ் விளையாட்டா?" என்று பின்வாங்கினார்.

"காசும் இல்ல, எதிராளியும் இல்ல மாமி. அடுக்குற வேலதான். கறுப்புக்கு மேல சிவப்பு, சிவப்புக்கு மேல கறுப்பு. அலுமாரியில சீலை அடுக்குற மாதிரி."

அடுக்குகிற வேலை என்றதும் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அடுத்த நாள் அவரே கூப்பிட்டார். ஒரு நாள் எல்லாக் காட்டும் ஒழுங்காக ஏறி முடிந்து, அவை திரையில் துள்ளித் துள்ளி விழுந்தபோது மாமி வாய்விட்டுச் சிரித்தார். மாமா போன பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. சிரித்த கையோடு பயந்தும் போனார்.

"இத வெளிய கதைக்காதீங்க மருமகன். இத்தாவில இருந்துக்கிட்டுக் காட்ஸ் விளையாடினாவாம் எண்டு ஊரெல்லாம் சிரிக்கும். மகளுக்கும் சொல்லிராதீங்க."

சொல்லவில்லை. என் மனைவிக்கே சொல்லவில்லை. அதன் பிறகு நான் போனால் மாமி முக்காட்டை இழுப்பதில்லை, குசினிக்குள் ஓடுவதில்லை. விளையாட்டுக்கு நாங்கள் வைத்த பெயர் 'அந்தச் சாமான்'. "மருமகன், அந்தச் சாமான் வருகுதில்ல," என்றால் எனக்கு மட்டும் விளங்கும். பெற்ற தாயோடுகூட எனக்கு அப்படி ஒரு இரகசியம் இருந்ததில்லை. இந்த வீட்டில் நான் வெறும் மூத்த மாப்பிள்ளை இல்லை, உள்ளாள் என்பதற்கு அதுதான் சாட்சி.

அதைத்தான் அவன் ஒரு வெள்ளிக்கிழமை கழற்றி எறிந்தான்.

ஜும்ஆ முடிந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். "காக்கா, மாமிட கம்பியூட்டர் இன்னும் செவன்லதான் கிடந்திச்சி," என்றான். அண்ணன் முறைக்கு நான் அவனுக்குக் காக்கா. "அதுக்கு இப்ப பாதுகாப்பு ஒண்டும் வாறல்ல. முழுசாக் கழட்டிட்டு டென் போட்டுட்டன். படமெல்லாம் பத்திரமா இருக்கு, வருசப்படி அடுக்கியும் வெச்சிருக்கன்."

எல்லோரும் எழும்பிப் போய்ப் பார்த்தார்கள். "மாஷா அல்லாஹ், என்ன வடிவா இருக்கு!" என்று சொன்னது வேறு யாருமில்லை, என் மனைவி. ஒரு வார்த்தை என்னைக் கேட்டானா? நான் பூட்டியதை, நான் போட்டதை, 'கிடந்திச்சி' என்கிறான், தெருவில் கிடந்த சாமான் மாதிரி. மாமியைப் பார்த்தேன். துணியை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் நின்றார்.

அவர் ஏன் பேசவில்லை என்று எனக்குத் தெரியும். அந்தச் சாமான் போய்விட்டது. போனதை இவனிடம் எப்படிச் சொல்வது? தாடி வைத்த பிள்ளை, ஐந்து வேளையும் பள்ளிக்குப் போகிற பிள்ளை. அவனிடம் போய், 'காட்ஸ் விளையாட்டைக் காணவில்லை' என்று ஒரு மாமி கேட்கிற கதையா?

அதனால் மாமி சாட்டுச் சொல்லத் தொடங்கினார். "கண் கூசுது தம்பி, பழசையே போட்டுவிடுங்களன்," என்றார். அவன் வெளிச்சத்தைக் குறைத்துக் கொடுத்தான். "எழுத்துப் பொடியா இருக்கு," என்றார். எழுத்தைப் பெருப்பித்தான். "பழச மாதிரி கெதியா வருகுதில்ல," என்றார். கல்முனை டவுனுக்குப் போய் ஏதோ ஒரு பாகம் வாங்கிவந்து பூட்டினான், அது பாய்ந்துகொண்டு ஓடியது. மாமி சொல்கிற ஒவ்வொரு பொய்க்கும் அவன் உண்மையாகவே மருந்து கொண்டுவந்தான். இதையெல்லாம் மனைவி எனக்கு மகிழ்ச்சியோடு வந்து சொல்லுவாள். "உம்மா ஒண்டு சொல்லி வாய் மூடல்ல, செஞ்சிடுறார்!" நான் சோற்றைப் பிசைந்துகொண்டு கேட்டிருப்பேன்.

உண்மையைச் சொன்னால், எனக்குள் ஒரு சந்தோசமும் இருந்தது. இத்தனை செய்தும் அவனால் அந்த இடத்தைத் தொட முடியவில்லை. அது எங்கே இருக்கிறது என்றே அவனுக்குத் தெரியாது.

கடைசியில் மாமி கேற்றடிக்கு வந்தார். கையில் காலிப் பீங்கான், வருவதற்கு ஒரு காரணம் வேண்டுமே. அங்குமிங்கும் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"மருமகன், அந்தச் சாமான் இல்லாம எனக்கு ஏலாமக் கிடக்கு. அஸர் தொழுதா அதுக்குப் பொறகு என்ன செய்யிற எண்டே விளங்குதில்ல. அவருக்கிட்ட எப்படிச் சொல்ற? நீங்கதான் பழசப் போட்டுத் தரணும்."

நீங்கதான்! அன்றைக்குக் கந்தோரில் எல்லோருக்கும் வடையும் தேத்தண்ணியும் நான் வாங்கிக் கொடுத்தேன்.

டென்னிலேயே அந்த விளையாட்டை மட்டும் கொண்டுவர வழி இருந்திருக்கும். நான் தேடவில்லை. தேடவும் விருப்பமில்லை. அவன் போட்டது முழுசாகப் போகவேண்டும், நான் போட்டது முழுசாகத் திரும்பி வரவேண்டும். செவன் டிவிடி என் அலுமாரியில் கல்யாண அல்பத்துக்குக் கீழே பத்திரமாக இருந்தது. அதை எடுத்து உடுத்திருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டு, ஒரு சனிக்கிழமை காலையில் கேற்றைத் திறந்து போனேன்.

அவன் அறையிலிருந்து வந்தான். மறிப்பான், பாதுகாப்பு அது இது என்று பாடம் எடுப்பான், நானும் நாலு வார்த்தை கேட்கலாம் என்று நாக்கைத் தீட்டிக்கொண்டு வந்திருந்தேன்.

"ஓம் காக்கா, மாமி பழகினதுதான் அவங்களுக்கு லேசு," என்றான். "போடுங்க. இன்டர்நெற் வயர மட்டும் கழட்டிவிடுங்க, வெளிநாட்டில இருக்கிற மகன் கோல் எடுத்தாலும் மாமி போன்லதானே கதைக்கிற. படமெல்லாம் இதுக்குள்ள இருக்கு." ஒரு ஹார்ட் டிஸ்கைக் கையில் தந்துவிட்டுத் தன் வேலைக்குப் போய்விட்டான்.

கொஞ்சம் சண்டை பிடித்திருந்தால் என் மனசு ஆறியிருக்கும். பொறாமைப்படுகிறவனுக்கு எதிரில் இருக்கிறவன் நல்லவனாக இருப்பதைப் போல ஒரு கொடுமை இல்லை.

டிவிடியைப் போட்டேன். எதை அழிக்க வேண்டும் என்று திரை கேட்டது. அவனுடைய டென் இருந்த பகுதியைத் தெரிவு செய்து அழித்தேன். உறுதியா என்று இன்னொரு முறை கேட்டது. என் வாழ்க்கையில் எதிலும் அவ்வளவு உறுதியாக இருந்ததில்லை. பிறகு பழசு ஒவ்வொன்றாக ஏறியது. இடையில் கரண்ட் போய்விடுமோ என்று அடிக்கடி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டேன். மாமி குசினி வாசலில் நின்று எட்டி எட்டிப் பார்த்தார். அந்தப் பழைய சத்தத்தோடு திரை திறந்தபோது கிட்ட வந்தார்.

"வந்திட்டா?" என்று மெதுவாகக் கேட்டார்.

திறந்து காட்டினேன். காட்டுகள் வரிசையாக வந்து விழுந்தன.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார் மாமி. காட்ஸைப் பார்த்து அப்படிச் சொல்லலாமா என்று யோசித்தவர் போல உடனே வாயைப் பொத்திக்கொண்டார்.

அன்று பகல் பீங்கான் வந்தது. மூடியைத் திறந்தால் நண்டுக் கால் இரண்டும் இருந்தன. உடைத்து, உறிஞ்சி, விரலையும் நக்கினேன்.

"உங்களுக்குத்தான் நண்டு ஒத்துவராதே?" என்றாள் மனைவி.

"இண்டைக்கு ஒத்துவருது."

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் நான் நல்ல மனிதனாக இருந்தேன். சகலனைக் கண்டால் சலாம் சொல்லிச் சிரித்தேன். அவன் தாடியைக்கூட அழகாக இருக்கிறது என்று புகழ்ந்தேன்.

பிறகு ஒரு நாள் கந்தோரில் கூட்டம் ஒன்று நடக்காமல் போனதால் நேரத்தோடு வந்தேன். மோட்டர் சைக்கிளை நிறுத்தும்போது மதிலுக்கு அங்கால் மாமி சிரிக்கிற சத்தம் கேட்டது. போனில் சிரிக்கிற சிரிப்பில்லை அது. காட்டெல்லாம் துள்ளி விழும்போது வருகிற சிரிப்பு. எனக்குத் தெரியாதா?

கேற்றைத் திறந்து உள்ளே போனேன். மாமி கம்பியூட்டர் முன்னால் இருந்தார். பக்கத்தில் பிளாஸ்டிக் கதிரையில் அவன்.

"கறுப்புப் பத்துக்கு மேல அந்தச் சிவப்பு ஒம்பத வைங்க மாமி," என்று சொல்லிக்கொண்டிருந்தான். மாமியின் முக்காடு தோளில் கிடந்தது. என் முன்னால் அது நெற்றியிலிருந்து இறங்குவதற்கு ஒரு மௌத்தும் ஓர் இத்தாவும் தேவைப்பட்டன.

"வாங்க காக்கா," என்று அவன் எழும்பினான். "அண்டைக்குத் தண்ணி குடிக்க வெளிய வந்தன், மாமி இத விட்டுட்டு ஓடப் பாத்தாங்க. நான்தான் இருத்தின. எங்கட உம்மாவும் இதே விளையாட்டுத்தான் காக்கா, தஸ்பீஹ் முடிஞ்சா இதுதான். மாமி எல்லாம் சொன்னாங்க, இத்தாவில நீங்க பழக்கினதெல்லாம்."

எல்லாம். என் மனைவிக்குக்கூடச் சொல்லாமல் இத்தனை வருசம் நான் வயிற்றுக்குள் வைத்திருந்ததை, ஒரு கோப்பைத் தண்ணீர் குடிக்க வந்தவனிடம் மாமி சொல்லிவிட்டார். டென் அப்படியே இருந்திருந்தால் இது அவன் கண்ணில் பட்டிருக்காது. நானே கழற்றி, நானே பூட்டி, நானே திறந்தும் வைத்தேன்.

"இருங்க மருமகன்," என்றார் மாமி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். இளையவளிடம் தேத்தண்ணி ஊற்றச் சொன்னார். நான் ஒரு கதிரையை இழுத்து மாமிக்கு மற்றப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன்.

ஆட்டம் இறுகிப் போயிருந்தது. மாமி ஒவ்வொரு காட்டாகப் புரட்டிப் பார்த்தார். அவனும் தாடியைத் தடவிக்கொண்டு பார்த்தான்.

"இனி ஒண்டும் இல்ல போல," என்றார் மாமி.

"ஓம் மாமி, முடிஞ்சி. புதுசா ஒண்டு போடுங்க."

மாமிக்கு மனசு வரவில்லை. என் பக்கம் திரும்பினார். "நீங்க பாருங்களன் மருமகன், ஏதும் இருக்கா?"

பார்த்தேன். இடது ஓரத்தில் ஒரு சிவப்பு ஏழு இருந்தது. அதைத் தூக்கி வலது பக்கத்துக் கறுப்பு எட்டின் மேல் வைத்தால், அடியில் கவிழ்ந்து கிடந்த காட் திறந்துவிடும். இரண்டு பேரும் அதைக் காணவில்லை. எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

"இல்ல மாமி," என்றேன்.

மாமி புது ஆட்டம் போட்டார்.