பாட்டை நிறுத்திய கெடரெஸ்

எங்கள் ஐக்கியக் கூட்டத்தில் ஒரு பழக்கம் உண்டு. இரட்சிக்கப்பட்டவன் எவனாவது எழுந்து தன் பாவத்தை எல்லோர் முன்னும் அறிக்கையிட்டால், அவன் வாய் மூடுவதற்குள் துதிப்பாட்டைத் தொடங்கிவிடுவோம். பாடிக்கொண்டே ஓடிப்போய் அவனைக் கட்டிப்பிடிப்போம். அத்தோடு பாவம் தீர்ந்தது. யாருக்குக் கெடுதல் செய்தானோ அந்த ஆளை ஒருவரும் கேட்பதில்லை. முப்பது வருஷமாக அந்தப் பாட்டை எடுத்துக் கொடுக்கிறவள் நான்தான். எங்கள் கபாலே மலைகளில் என் தொண்டைக்கு நல்ல பெயர். இப்போது அந்தத் தொண்டையை நெரிக்கலாம் போலிருக்கிறது.

எங்கள் கூட்டத்துக்கு வருகிற கெடரெஸ் பதினேழு வயதில், கல்யாணமாகாமல் வயிற்றில் பிள்ளையோடு நின்றாள். அண்ணன் எரியாசாபு அவளை அன்றைக்கே மழையில் வெளியே தள்ளினான். பிறகு இரட்சிக்கப்பட்டான், சபைப் பெரியவனும் ஆனான். கதவை மட்டும் திறக்கவில்லை. அவள் எதிர்மலையில் அடுத்தவர் நிலத்தைக் கொத்தினாள், சோளக்கஞ்சி காய்ச்சி விற்றாள், மகளைப் படிக்க வைத்து டீச்சராக்கினாள்.

தாய் செத்தது அவளுக்குச் சந்தையில்தான் தெரிந்தது. அடக்கம் முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. நோயில் கிடந்ததையும் அண்ணன் சொல்லி அனுப்பவில்லை, செத்ததையும் சொல்லவில்லை. அதை மன்னிக்கப் பதினோரு வருஷம் பாடுபட்டாள். காலையில் மன்னித்தால் சாயங்காலத்துக்குள் கோபம் திரும்பி வந்துவிடுகிறது என்பாள். ஏழெழுபது தரம் மன்னி என்று ஆண்டவர் சொன்னது ஒரே பாவத்துக்குத்தான் போலிருக்கிறது என்றும் சொல்வாள்.

போன மாதக் கூட்டத்தில் எரியாசாபு எழுந்து நின்றான்.

"அம்மா நோயில கெடந்தப்ப தங்கச்சிக்குச் சொல்லி அனுப்பாம இருந்துட்டேன். அது பாவம். ஆண்டவர் என்னைக் கழுவிட்டாரு."

அவ்வளவுதான். நான் பாட்டை எடுத்தேன். ஐம்பது பேர் கைதட்டினார்கள். இரண்டு பெண்கள் கெடரெஸின் கையைப் பிடித்து அண்ணனிடம் இழுத்தார்கள். அவள் உதறிவிட்டு நேரே என்னிடம் வந்து என் வாயைப் பொத்தினாள்.

"நிறுத்துடி. அவன் பாதிதான் சொல்லியிருக்கான், நீ அதுக்குள்ள மூடி போடுற."

கூட்டம் அடங்கியது. அன்போடு பேசும்படி உபதேசியார் சொல்லிப் பார்த்தார். அவர் உட்காரும்வரை அவரையே முறைத்தாள். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"சொல்லி அனுப்பல, சரி. அத தெனமும் மன்னிச்சுக்கிட்டுதான் இருக்கேன். அம்மா என்னைக் கேட்டாளா? அதச் சொல்லுண்ணே."

எரியாசாபுக்குப் பேச்சு மென்று மென்று வந்தது. தாயைத் தூக்குக்கட்டிலில் வைத்து ஆஸ்பத்திரிக்குச் சுமந்துபோன அன்று, எதிர்மலைக்குப் பிரியும் பாதையில் கட்டிலை இறக்கச் சொன்னாளாம். மகளைக் கூட்டி வா என்றாளாம். ஏற்கெனவே ஆள் அனுப்பியாயிற்று, அவள் வரமாட்டேன் என்றுவிட்டாள் என்று இவன் சொன்னானாம்.

"அதுக்கு அம்மா என்ன சொன்னா?"

"சரி, தூக்குங்கன்னா."

எனக்கு அவனைச் செருப்பால் அடிக்க வேண்டும் போலிருந்தது. கட்டில் சுமந்தவர்களில் இருவர் எங்கள் நடுவில்தான் உட்கார்ந்திருந்தார்கள். அவன் சொன்னதை நம்பி, பதினோரு வருஷமாக அவளைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்துக்கொண்டே அவளோடு ஜெபித்தவர்கள். இப்போது தலையைக் குனிந்துகொண்டார்கள். குனிந்தென்ன, நிமிர்ந்தென்ன?

எரியாசாபு அவள் முன்னால் முழங்காலிட்டு மன்னிப்புக் கேட்டான். இந்த முறை அழுதான். கெடரெஸ் அழவில்லை.

"எனக்குச் செஞ்சத மன்னிக்கிறேன். ஆண்டவர் கேக்குறாரு, அதுக்காக. நாளைக்கும் மன்னிக்கணும், நாளன்னைக்கும் மன்னிக்கணும், செய்யுறேன். ஆனா, பெத்த மக வரமாட்டேன்னுட்டாளேன்னு நெனச்சுக்கிட்டே அம்மா செத்தாளே, அவளுக்குச் செஞ்சத நான் எப்பிடிண்ணே மன்னிக்கிறது? அந்த மன்னிப்பு அவ தர வேண்டியது."

அவள் வெளியே போய்விட்டாள். உபதேசியார் பாட்டுக்காக என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. எரியாசாபு முழங்காலிலேயே இருந்தான். பாட்டு இல்லாமல் அவனிடம் எப்படிப் போவதென்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.