அக்காவுக்காக நான் போட்ட நாலு கையெழுத்து

தொண்ணூறுகளோட நடுவுல, திருப்பூர்ல நடந்ததுங்க இது. அப்ப எனக்கு முப்பத்தி நாலு வயசு. தாராபுரம் ரோட்டுப் பக்கம் ஒரு கட்டடத்தை வாடகைக்கு எடுத்து, முப்பது மெஷின் போட்டு பனியன் கம்பெனி நடத்திட்டு இருந்தேன். வெளிநாட்டு ஆர்டர் நேரா எனக்கு வராது. பெரிய எக்ஸ்போர்ட்காரங்ககிட்ட வாங்கித் தைச்சுக் குடுப்பேன், அவ்வளவுதான். ஆனா நெனப்பு மட்டும் பெரிய மொதலாளின்னு.

எங்க தொழில்ல சரக்கு கிளம்பணும்னா கூடவே காகிதமும் கிளம்பணும். செக்கிங் சிலிப், லீவு படிவம், ஆபீசர் வந்தாக் காட்டற ரிஜிஸ்தர்னு ஏகப்பட்டது. ஒவ்வொண்ணுக்கும் ஆளைக் கூப்பிட்டு கையெழுத்து வாங்கினா மெஷின் நின்னு போயிரும்னு, எல்லாருக்கும் நானே போட்டுருவேன். மேஜையில நாலு பேனா வெச்சிருந்தேன். டெய்லருங்களுக்கு ஒரு மாதிரி, செக்கிங் பொம்பளைகளுக்குக் கொஞ்சம் கோணலா ஒரு மாதிரி. எனக்குத் தெரிஞ்ச பல பேரு இப்படித்தான் பண்ணிட்டு இருந்தோம். யாரும் அதைத் தப்புன்னு நெனைக்கலை, சாமர்த்தியம்னுதான் நெனைச்சோம். எனக்கு அந்தச் சாமர்த்தியம் கொஞ்சம் ஜாஸ்தி.

எங்க அக்காவைப் பொங்கலூர்ப் பக்கம் கட்டிக் குடுத்திருந்தோம். மச்சானுக்குத் தோட்டமும் நாலு எருமையும். அக்காவுக்கு நாப்பத்தி மூணு வயசு இருக்கறப்ப வயிறு உப்பிட்டு வந்து வலி தாங்க முடியலைன்னுச்சு. கோயமுத்தூர்ல ஒரு பெரிய ஆஸ்பத்திரியில ஆபரேஷன் பண்ணிக் கட்டியை எடுத்தாங்க. பத்து நாள் கழிச்சு ரிசல்ட் வாங்க நானும் மச்சானும்தான் போனோம்.

சினைப்பையில புற்றுநோய்னாங்க டாக்டரம்மா. அதுலயும் இது ரொம்ப அபூர்வமான வகையாம். பொதுவா வர்ற வகைக்குக் குடுக்கற மருந்து இதுக்கு அவ்வளவாக் கேக்காதாம். அதனால, மூணு மருந்தைச் சேர்த்துக் குடுத்தா கேக்குமான்னு சில ஆஸ்பத்திரிகள் சேர்ந்து ஆராய்ச்சி பண்ணிட்டு இருக்கு, அதுல இவங்களும் ஒண்ணு. பாம்பேல வேற ஒரு மருந்துக்கு இன்னொரு ஆராய்ச்சி நடக்குது. ரெண்டுல எதுல வேணும்னாலும் அக்கா சேரலாம், சேராமயும் இருக்கலாம். இங்க சேர்ந்தா புது மருந்தா பழைய மருந்தாங்கறதைக் குலுக்கல்லதான் எடுப்பாங்க. நடுவுல வேண்டாம்னா விலகிக்கலாம். ஆனா எதுல சேர்ந்தாலும் ஆபரேஷன் ஆகி எட்டு வாரத்துக்குள்ள ஆரம்பிச்சாகணும். இத்தனையும் அந்தம்மா நிதானமாச் சொன்னாங்க.

"பாம்பேயெல்லாம் சரிப்படாதுங்க, பாஷை தெரியாதுங்க"ன்னு நான் அப்பவே முடிச்சு வெச்சேன். மச்சானும் தலையாட்டினாரு.

டாக்டரம்மா நாலு பக்கத் தாள் ஒண்ணு குடுத்தாங்க. சுத்தத் தமிழ்லதான் இருந்துச்சு. அக்காவே படிக்கட்டும், புரியாததைக் கேக்கட்டும், சேரலாம்னு தோணினா ஒவ்வொரு பக்கத்துலயும் கையெழுத்துப் போடட்டும், கடைசிப் பக்கத்துல ஒரு சாட்சி வேணும்னாங்க. ரெண்டு தடவை சொன்னாங்க. ரெண்டு தடவையும் நான் சரிங்கன்னேன்.

ஊட்டுக்கு வந்ததும், அக்காகிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு நாங்களே முடிவு பண்ணிட்டோம். அக்காவுக்குத் தாங்காதுன்னு எங்களுக்குள்ள சொல்லிக்கிட்டோம். நெசக் காரணம் வேற. அக்கா பொண்ணுக்கு மாப்பிள்ளை பாத்துட்டு இருந்தாங்க. தாய்க்கு இப்படின்னு தெரிஞ்சா எவன் பொண்ணெடுப்பான்னு பயம். சாதாரணக் கட்டி, எடுத்தாச்சு, கவலைப்படாதேன்னு சொல்லிட்டோம். சேக்கலாமா வேண்டாமான்னு நானும் மச்சானும் பேசினோம், என்ர சம்சாரம் பேசுச்சு, மச்சானோட தம்பி பேசினாரு. ஆறு வாரம் ஓடிருச்சு. அந்த நேரம் பாத்து கம்பெனியில ஒரு லாட் பனியனுக்குக் கழுத்துப்பட்டி அளவு தப்பாகி, பிரிச்சுத் தைக்க வேண்டியதாப் போச்சு. ஆஸ்பத்திரித் தாள் என்ர டிராயர்லயே கிடந்துச்சு.

நாள் நெருங்குது, கூட்டிட்டு வாங்கன்னு ஆஸ்பத்திரியில இருந்து கம்பெனிக்குப் போன் வந்துச்சு. எதுக்கும் சேத்துருவோம்னு மச்சான் சொன்னாரு. அவ்வளவுதானே, தாளை எடுத்தேன். நாலு பக்கத்துலயும் அக்கா பேரை எழுதினேன். சாட்சி வேணுமே? கட்டிங் மாஸ்டரைக் கூப்பிட்டேன். அவரு கழுத்துல டேப்போட வந்து நின்னாரு. அக்காவோட ஆஸ்பத்திரிப் பேப்பருங்க, இங்க ஒரு கையெழுத்துப் போடுங்கன்னேன். ரெண்டு வரி படிச்சவரு என்ர மூஞ்சியை ஒரு தரம் பாத்தாரு. போட்டுட்டுப் போயிட்டாரு. அந்தப் பார்வை எனக்கு அன்னைக்கு உறைக்கலைங்க.

மக்யா நாளு விடிஞ்சதும் அக்காவைக் கூட்டிட்டுப் போனேன். சும்மா ஒரு செக்கப்புன்னு சொல்லித்தான். டாக்டரம்மா தாளைப் புரட்டிப் பாத்துட்டு, "முழுசாப் படிச்சீங்களாம்மா? ஏதாச்சும் கேக்கணுமா?"ன்னாங்க.

"எதைங்க?"ன்னுச்சு அக்கா.

அதெல்லாம் பார்மாலிட்டி அக்கா, நான் பாத்துக்கறேன்னு குறுக்கால விழுந்தேன். டாக்டரம்மா கையைக் காட்டி என்னை நிறுத்திட்டு, தாளை அக்கா பக்கம் திருப்பி வெச்சாங்க. அக்கா மொதல் வரியில இருந்து படிக்க ஆரம்பிச்சுது. புற்றுநோய்ங்கற வார்த்தை மொதல் பத்தியிலயே இருக்கு. அது வந்ததும் விரல் அங்கயே நின்னுச்சு. அப்பறம் கடைசி வரைக்கும் படிச்சுது. படிச்சு முடிச்சு, கீழ இருந்த பேரைப் பாத்துட்டு என்கிட்டத் திரும்புச்சு.

"என்ர கையெழுத்து இத்தனை கோணலாவா கண்ணு இருக்கும்?"

அக்கா எட்டாங்கிளாஸ் வரைக்கும் படிச்சதுங்க. எழுத்து முத்து முத்தா இருக்கும். நான் ஹாஸ்டல்ல இருந்தப்ப மாசா மாசம் எனக்குக் கடிதாசி எழுதினதே அதுதான். அந்தக் கையெழுத்தைப் பாத்து வளந்தவன், தோட்டத்துக்காரப் பொம்பளை கோணலாத்தானே போடுவாள்னு போட்டு வெச்சிருக்கேன். அந்த எடத்துல பூமி பொளந்தா உள்ள போயிருப்பேன்.

டாக்டரம்மா சத்தம் போடலை. "இது கம்பெனிக் காகிதம் இல்லீங்க. ஒரு மருந்தை இந்த உடம்புல ஏத்தலாமான்னு, அந்த உடம்புக்குச் சொந்தக்காரங்களைக் கேக்கற காகிதம்"னாங்க. நாலு பக்கத்துலயும் குறுக்கால கோடு கிழிச்சாங்க. புதுசா ஒண்ணு எடுத்து அக்கா கையில குடுத்துட்டு, என்னை வெளிய போகச் சொன்னாங்க.

ஒரு மணி நேரம் வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தேன். எவனாச்சும் வந்து என்னை நாலு அறை விட்டாத் தேவலைன்னு இருந்துச்சு. அக்கா வெளிய வந்து, ஒரு காப்பி வாங்கிக் குடு கண்ணுன்னுச்சு.

திரும்பி வர்றப்ப, பல்லடம் தாண்டினதும், இது எத்தனை பேருக்குத் தெரியும்னு கேட்டுச்சு. நான் மென்னு முழுங்கி ஒவ்வொரு பேராச் சொன்னேன். சாட்சிக் கையெழுத்து யாருதுன்னு கேட்டுச்சு. அதையும் சொன்னேன்.

"கட்டிங் மாஸ்டருக்குத் தெரியுது. எனக்குத் தெரியலை."

அதுக்கப்பறம்தான் அக்கா அழுதுச்சு. நோய்க்கு அழுகலைங்க, இதுக்குத்தான் அழுதுச்சு. காரை ஓரமா நிறுத்திட்டு நானும் அழுதேன். ஆனா என்ர அழுகை எனக்கே பிடிக்கலை.

இன்னும் மூணு நாலு நாள்தான் இருக்குன்னு தெரிஞ்சும், முழுசாப் புரியாமப் போட மாட்டேன்னு அக்கா அந்தத் தாளை ஒரு வாரம் வெச்சுப் படிச்சுது. எருமைக்குத் தண்ணி காட்டிட்டு வந்து படிக்கும், சோறு வடிச்சுட்டு வந்து படிக்கும். பொண்ணோட நோட்டுல இருந்து தாளைக் கிழிச்சு, பதினோரு கேள்வி எழுதி வெச்சுது. முடி கொட்டுமா, பழைய மருந்து என் பக்கம் விழுந்தா கவனிப்புக் குறையுமா, நடுவுல வேண்டாம்னா கோவிச்சுக்குவீங்களா, இப்படி. அதுல ஒண்ணு, பாம்பே வேண்டாம்னு சொன்னது யாருன்னு. நாங்க நாலு பேரு ஆறு வாரம் பேசினோமே, இதுல ஒரு கேள்வி கூட எங்களுக்குத் தோணலைங்க. கடைசியில சேர்றேன்னுச்சு. தனக்குக் கேக்காட்டியும் இந்த மாதிரி வர்ற இன்னொருத்திக்காச்சும் தெரியட்டுமேன்னுச்சு.

கேள்வியோட போனோம். எட்டு வாரம் முடிஞ்சு அஞ்சு நாள் ஆயிருந்துச்சு.

டாக்டரம்மா எவ்வளவோ பாத்தாங்க. மேலிடத்துக்குப் போன் போட்டாங்க, பாம்பேக்கும் பேசினாங்க. ஒருத்தருக்கு விதியைத் தளர்த்தினா ஆராய்ச்சியே கெட்டுப் போகும்னு ரெண்டு பக்கமும் சொல்லிட்டாங்க. எப்பவும் குடுக்கற மருந்தையே அக்காவுக்கும் குடுத்தாங்க. அந்தப் புது மருந்து இதைவிட நல்லாக் கேட்டிருக்குமான்னு எனக்கே தெரியாதுங்க, அது தெரியாமத்தானே ஆராய்ச்சின்னாங்க டாக்டரம்மா. கொஞ்ச நாள் அந்த வார்த்தையைப் பிடிச்சுத் தொங்கிட்டு இருந்தேன். அது எனக்குச் சௌகரியமா இருந்துச்சு. அப்படி நெனைச்சதுக்கும் சேர்த்து இப்ப வெட்கப்படறேன்.

அக்கா தேறுச்சு. பொண்ணு பாக்க வந்தவங்ககிட்ட, எனக்கு இப்படி ஒரு வியாதி வந்து வைத்தியம் பாத்திருக்குங்கன்னு அதுவே சொல்லுச்சு. அந்தக் குடும்பம்தான் பொண்ணை எடுத்துச்சு. நாங்க யாருக்குப் பயந்து மூடி வெச்சோமோ, அவங்க ஒரு நிமிசத்துல சரின்னுட்டாங்க.

நாலு வருசம் நல்லா இருந்துச்சு. அப்பறம் நோய் திரும்ப வந்துச்சு. அதே டாக்டரம்மா, இப்ப வேற ஒரு புது மருந்தை ஆராயறாங்க, சேர்றீங்களான்னு கேட்டாங்க. மச்சான் பழக்கதோசத்துல என்ர மூஞ்சியைப் பாத்தாரு. நான் குனிஞ்சு தரையைப் பாத்தேன். அக்கா எல்லாத்தையும் கேட்டுச்சு. எத்தனை தடவை வரணும், எத்தனை நாள் படுக்கணும், என்ன ஆகும்னு. பேரன் பொறந்து மூணு மாசம் ஆயிருந்துச்சு. எல்லாத்தையும் கேட்டுட்டு, "வேண்டாமுங்க. இருக்கற நாளை நான் ஊட்டுலயே இருந்துக்கறேன்"னுச்சு.

ஆராய்ச்சியில சேரு அக்கான்னு காலைப் பிடிச்சுக் கெஞ்சணும் போல இருந்துச்சுங்க எனக்கு. நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. பல்லைக் கடிச்சுட்டு உக்காந்திருந்தேன். ஏழு மாசம் கழிச்சு அக்கா போயிருச்சு.

எத்தனையோ பேரு, கூடப் பொறந்தவளுக்கு நீ எவ்வளவு செஞ்சேன்னு என்னைப் புகழ்ந்திருக்காங்க. நான் அக்காவுக்கு உருப்படியாச் செஞ்சது ஒண்ணே ஒண்ணுதான், ரெண்டாவது ஆராய்ச்சிக்குக் கேட்ட அன்னைக்கு அக்கா முன்னால வாயை மூடிட்டு இருந்தது. அதையும் நாலு வருசம் தள்ளிச் செஞ்சேனேங்கற வெட்கம் இன்னைக்கும் என்னை விட்டுப் போகலைங்க.