கயிறு கட்டியவர் கலக்கிய மார்ட்டினி

கையால் கலக்கிய ஒன்றை நாக்கில் வைக்காமல், அது சரியா தப்பா என்று எப்படிச் சொல்வது? பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் வீரமணி அண்ணன் இதைக் கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவர் ஏன் கேட்டார் என்பதுதான் இந்தக் கதை.

வாலிகண்டபுரத்து வீரமணி சுற்றுலாக் கப்பல் ஒன்றின் பாரில் மது கலந்து கொடுத்தவர். ஊரார்க்கு ஊற்றிய கை தனக்கும் ஊற்றிக்கொள்ளப் பழகியது. லீவில் வந்திருந்தபோது குடித்துவிட்டு வண்டி ஓட்டி, மகள் மஞ்சுவோடு விழுந்தார். குழந்தைக்கு முழங்கை முறிந்தது. மனைவி பிரவீணா சத்தமே போடவில்லை. மறுநாள் அவரைக் கோயிலுக்கு அழைத்துப் போனாள். தை வரைக்கும் குடிப்பதில்லை என்று சாமி முன்னால் சத்தியம் செய்யவைத்து, பூசாரி கையால் மஞ்சள் கயிறு கட்டவைத்தாள். கயிற்றோடு குடித்தவனைச் சாமி சும்மா விடாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

லீவு முடிந்தும் அவர் திரும்பாததால், கப்பல் அவரை விட்டுவிட்டுப் போய்விட்டது. பஸ் ஸ்டாண்ட் ஜூஸ் கடையில் சாத்துக்குடி பிழிய நின்றார். சென்னை பஸ் வந்து திரும்பிப் போகும்போதெல்லாம் அவர் கை ஒரு நொடி நிற்கும்.

அப்போதுதான் வேறொரு கப்பல் கம்பெனி கூப்பிட்டது. வீட்டிலிருந்தே வீடியோவில் சோதனை. ஜின் என்ற நிறமில்லாச் சாராயத்தில் மூலிகை மது சேர்த்துக் கலக்கும் மார்ட்டினியை, தன் ஊரில் கிடைப்பதை வைத்துச் செய்துகாட்ட வேண்டும். தேறினால் கப்பலுக்குப் போக அரியலூரில் ரயில் ஏறிவிடலாம்.

சோதனைக்காக வாங்கிய ஜின் பாட்டிலைப் பிரவீணா தன் பெட்டியில் பூட்டி வைத்தாள். கேட்டால் எடுத்துக் கொடுத்துவிட்டு அங்கேயே நிற்பாள்.

கப்பலில் மூலிகை மது பாட்டிலில் வரும். திறந்து ஊற்றித்தான் பழக்கம். செய்யத் தெரியாதே! எனவே தெரிந்ததைச் செய்தார். துளசி, கற்பூரவல்லி, சித்தரத்தை, நிலவேம்பு போட்டு, மூன்று டம்ளர் தண்ணீரை ஒரு டம்ளராகச் சுண்டக் காய்ச்சினார். வாசனை தெருவுக்குப் போனது. பக்கத்து வீட்டு மலர்கொடி டம்ளரோடு வந்துவிட்டாள்.

"யாருக்குண்ணே காய்ச்சல்? எம்மவனுக்கும் ஒடம்பு சுடுது. ஒரு வாய் ஊத்துங்க."

ஊற்றிக் கொடுத்தார். மிச்சத்தை ஜின்னில் விட்டால் குட்டைத் தண்ணீராகக் கலங்கியது. மார்ட்டினி கண்ணாடி மாதிரித் தெளிந்திருக்க வேண்டும்.

"கப்பல்காரனுக்கு கஷாயம் குடுக்கப் போறீங்களா?" என்றாள் பிரவீணா.

அடுத்த முறை அடுப்பே மூட்டவில்லை. நிலவேம்பை விட்டுவிட்டு, மற்ற மூலிகைகளைப் பச்சையாக ஜின்னில் ஊறப்போட்டார். துணியில் வடிகட்டி, பனங்கற்கண்டுப் பாகு சேர்த்தார். இளம்பச்சையாகத் தெளிந்து நின்றது. ஆனால் இனிப்பு போதுமா, காரம் மிஞ்சுகிறதா? மூக்கை வைத்து வைத்துப் பார்த்தார். மூக்குக்கு எவ்வளவு தெரியும்?

ஜூஸ் கடையில் கூட நிற்கும் ஜெயசீலன் வழி சொன்னான். "பூசாரிக்கிட்ட போயி அவுத்துட்டு வாங்கண்ணே. கறி விருந்துன்னா அவனவன் அவுத்துட்டு, மறுநாளே போயி கட்டிக்கிறான்."

"அவுக்கறது சுலுவுடா. அப்பறம் என்னால நிறுத்த முடியுமான்னு தெரியலயே."

சோதனை நாளன்று, கடையிலிருந்து வாங்கி வந்த ஐஸில் ஜின்னையும் மூலிகை மதுவையும் ஊற்றிக் கலக்கி, ஐஸ்கிரீம் கிண்ணத்தில் வடித்தார். மேலே எலுமிச்சைத் தோல். செல்போனுக்குள் இருந்த அதிகாரி ஆங்கிலத்தில், "அழகு. இப்போது ருசி பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்.

வீரமணி ஸ்ட்ராவை எடுத்தார். கிண்ணம் வரை போன கை நின்றது. மணிக்கட்டைத் தூக்கிக் கயிற்றைக் காட்டி, விவரம் சொன்னார்.

"அப்படியென்றால் இது நன்றாக இருக்கிறது என்று நான் எப்படி நம்புவது?"

அப்போது பிரவீணா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வாழ்நாளில் மதுவைத் தொடாதவள். ஸ்ட்ரா நுனியில் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் விட்டுக்கொண்டாள். முகம் சுருங்கியது.

"மொதல்ல சில்லுன்னு இருக்கு. அப்பறம் துளசி. தித்திப்பு கொஞ்சம் கூடுதல்." ஸ்ட்ராவைக் கீழே வைத்தாள். "கடேசில, வண்டியிலேருந்து விழுந்தன்னிக்கு இவரு மேல அடிச்ச வாடை."

வீரமணி மொழிபெயர்த்தார். கடைசி வரியையும் விடாமல் சொன்னார்.

அதிகாரி எதையோ குறித்துக்கொண்டார். பிறகு, "ருசி பார்க்க முடியாத ஆளை பாரில் நிறுத்த முடியாது. கயிறு அவிழ்ந்ததும் கூப்பிடுங்கள்" என்றார்.

தை வந்தது. "போறதுன்னா போங்க, நான் தடுக்கல" என்று பிரவீணா சொல்லிவிட்டாள். கோயிலில் பூசாரி, "அவுத்துரவா?" என்றார். வீரமணி கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு வருஷத்துக்கு கட்டிருங்க."

இன்றும் சாத்துக்குடிதான் பிழிகிறார். பஸ் திரும்பும்போது இன்றும் கை நிற்கிறது. உங்கள் ஊரிலும் கையில் கயிறோடு ஒருவர் பஸ்களைப் பார்த்து நின்றுகொண்டிருப்பார். அவருக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள்; கேட்டவர் இன்னொருவருக்குச் சொல்லட்டும். வீரமணி அண்ணனின் கேள்விக்கு யாரிடமாவது பதில் இருக்கக்கூடும்.